கிளியம்மா என்ன சொன்னாள்

செம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் அக்தர் பேகத்தின் வீட்டு டிவி பேசத் தொடங்கினால், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் கடிகாரத்தைப் பார்க்காமலே மணி மூன்று என்று தெரிந்துகொள்வார். சத்தத்தை அறுபத்திரண்டில் வைத்திருப்பாள். மாடியில் குடியிருந்த ஜாய்சன் சார் ஒருமுறை இறங்கிவந்து, தன் வீட்டு டிவியில் படம்தான் தன்னுடையது, வசனம் கீழ்வீட்டுடையது என்று மிகவும் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் அக்தர் பேகத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. சிரித்துத் தலையாட்டி, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

அறுபத்திரண்டில் வைத்தும் அவளுக்குப் பாதிதான் கேட்டது. சத்தம் வந்தது, சொற்கள் வரவில்லை. மாமியார் கத்துவது தெரியும், என்ன சொல்லிக் கத்துகிறாள் என்பது மத்தளச் சத்தத்தில் போய்விடும். அந்த மீதிப் பாதிக்காகத்தான் பூவம்மாள் இருந்தாள்.

பூவம்மாள் மீன் விற்கிறவள். விடியற்காலையில் அவள் புருஷன் சின்னதம்பி கோவளத்திலிருந்து மொபெட்டில் கொண்டுவரும் மீனை வீடுவீடாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஏரி முனையில் பலகை போட்டு விற்பாள். இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, மூன்று மணிக்கு அக்தர் பேகத்தின் சோபாவுக்கு வந்துவிடுவாள். இருபது வருஷம் தெருவில் கூவிய குரல் அவளுடையது. மகள் நிகத் பேசினாலும், கணவர் அப்துல் கஃபார் பேசினாலும், அக்தர் பேகம் "என்ன?" என்று இரண்டு தடவை கேட்பாள். பூவம்மாள் பேசினால் ஒரு தடவையிலேயே கேட்டுவிடும்.

அப்படித்தான் ஆறு வருஷத்துக்கு முன்பு ஆரம்பித்தது. மீன் கொடுக்க வந்தவளை உட்காரவைத்து, டிவியைக் காட்டி, "அவ என்ன சொல்றா பூவு?" என்று அக்தர் பேகம் கேட்டாள். 'மேகலை இல்லம்' என்ற தொடர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பூவம்மாள் காது கொடுத்த அந்த நேரம் பார்த்துத் தாம்பரம் விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று மொட்டைமாடியை உரசுகிற மாதிரி மேலே போனது. அவளுக்கும் ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் அக்தர் பேகம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திடம் "தெரியல" என்று எப்படிச் சொல்வது? பூவம்மாள் தானே ஒரு வசனத்தைச் சொன்னாள். அக்தர் பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விமானம் வரவில்லை. வசனம் நன்றாகவே கேட்டது. ஆனால் அது நேற்று அவள் சொன்ன அளவுக்கு நன்றாக இல்லை.

டிவியில் மாமியார் ராஜேஸ்வரி மருமகள் மேகலையிடம், "நீ இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று மட்டும் சொல்வாள். சொல்லும்போது அவள் கண் வேறெங்கோ ஓடும். அந்தக் கண் எங்கே ஓடுகிறது என்பதைப் பூவம்மாள் சொன்னாள். அந்தப் பெரிய வீட்டுச் சோபாவுக்குப் பின்னால், கடுகு நிறப் புடவையில், கையில் டிரேயோடு ஒரு வேலைக்காரப் பெண் எப்போதும் நிற்பாள். ஆறு வருஷத்தில் அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை. வீட்டில் தீப்பிடித்த அன்றைக்கும் டிரேயோடு அப்படியே நின்றாள். பூவம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. இத்தனையையும் பார்த்துக்கொண்டு ஒருத்தி சும்மா நிற்பாளா? அவளுக்குத் தன் சித்தியின் பெயரை, கிளியம்மா என்று வைத்தாள். பள்ளிக்கரணையில் வீடு கொடுத்தாள். சரசு என்று ஒரு மகளைக் கொடுத்தாள். அந்த வீட்டின் ரகசியங்கள் எல்லாம் அந்த டிரேயின் வழியாகத்தான் போய்வந்தன.

அக்தர் பேகத்துக்கு மேகலையைவிடக் கிளியம்மாவைப் பிடித்துப்போனது. மூன்று மணிக்கு அந்த வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். கஃபார் பிளம்பிங் சாமான் கடையில் இருப்பார், நிகத் பெருங்குடி ஆபீசில் இருப்பாள். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை, திரையில் கிளியம்மா டிரேயோடு நின்றபடி கண்ணோரத்தைத் துடைத்தாள். தூசி விழுந்திருக்கலாம். பூவம்மாள் விடவில்லை.

"போன் வந்துகீதுக்கா. சரசுக்கு வலி எடுத்துடுச்சாம். ஆட்டோல இட்டுகினு போறாங்கோ. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. சதுப்பு ரோட்டாண்ட ஆட்டோ நின்னுபூச்சு."

"ஐயோ, அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நாளிக்குத்தான்."

அந்த 'நாளைக்கு' வேறு ஒன்று நடந்தது.

சனிக்கிழமை காலை மீன் கூடையை இறக்கும்போதே பூவம்மாள் கவனித்துவிட்டாள். அக்தர் பேகத்தின் இரண்டு காதுக்கும் பின்னால் முந்திரிப் பருப்பு அளவில் எதுவோ உட்கார்ந்திருந்தது.

"இன்னாக்கா அது காதுல?"

"மெஷின் பூவு. நேத்து சாயங்காலம் தாம்பரத்துல மாட்டிவிட்டாங்க. ஃபேன் இவ்வளவு சத்தம் போடும்னு எனக்குத் தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சா பட்டாசு மாதிரி கேக்குது. ரெண்டு வாரத்துல பழகிடுமாம்."

லீவில் வீட்டிலிருந்த நிகத், கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டியோடு வந்தாள். "பூவக்கா, இனிமே நீங்க கதை சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்க வேணாம். இதை டிவிக்குப் பின்னால மாட்டிட்டா வசனம் நேரா அம்மா காதுக்குள்ளயே போயிடும்."

"நேராவேவா?"

"நேராவே."

"நடுவுல ஆளு யாரும் வேணாமா?"

"யாரும் வேணாம்," என்று நிகத் சந்தோஷமாகச் சொன்னாள்.

பூவம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். அது மூன்று மடங்கு கனத்தது. மீன் விஷயத்தில் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. பழைய மீனைப் பழையது என்றே சொல்லி, குழம்புக்கு வேண்டாம், வறுத்துக்கொள் என்பாள். அதனால்தான் அந்தத் தெருவிலேயே அக்தர் பேகம் ஒருத்தி மட்டும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கினாள். மற்ற எல்லோரும் கட்டைவிரலால் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பா கறுப்பா என்று பார்த்த பிறகுதான் பேசவே தொடங்குவார்கள். முதல் நாளிலிருந்து அக்தர் பேகம் பாத்திரத்தை மட்டும் நீட்டுவாள். அந்த நீட்டிய பாத்திரத்தின் முன்னால் ஆறு வருஷப் பொய் இன்றைக்கு மூன்று மணிக்கு வெளியே வரப்போகிறது.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் போகாமல் இருந்தாலும் டிவி பேசத்தான் போகிறது.

மூன்று மணிக்கு நிகத் பெட்டியை மாட்டி, எதையெதையோ அழுத்தினாள். டிவி ஊமையாகிவிட்டது. அக்தர் பேகத்தின் முகம் மலர்ந்தது.

"கேக்குது. தலைக்குள்ளயே பேசுறாங்க."

"எனுக்கு ஒண்ணியும் கேக்கலியே நிகத்து."

"ஸ்பீக்கர் ஆஃப் ஆயிடுச்சு போல. ஆபீஸ் கால் ஒண்ணு இருக்கு, முடிச்சிட்டு வந்து சரி பண்றேன் பூவக்கா." அவள் லேப்டாப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூவம்மாள் அந்தச் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜேஸ்வரியின் வாய் அசைந்தது. மேகலை நெஞ்சில் கை வைத்தாள். அவள் புருஷன் கௌதம் திரும்பினான், இன்னொரு முறை திரும்பினான். தண்ணீருக்கு அடியில் மீன்கள் வாயைத் திறந்து மூடுவதுபோல இருந்தது. அக்கா இத்தனை நாளும் உட்கார்ந்திருந்த இடம் இதுதானா என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் பேசிக்கொள்ள, இந்தப் பக்கம் இருப்பவளுக்கு ஒன்றும் வராது.

"இன்னாக்கா சொல்றா?" என்று கேட்டாள். அக்தர் பேகம் திரும்பவில்லை. பெட்டி பேசும்போது மெஷின் அறையின் சத்தத்தை உள்ளே விடவில்லை. பூவம்மாளின் குரலே அவளுக்கு எட்டாதது இதுதான் முதல் தடவை.

அரைமணி நேரம் கழித்து அக்தர் பேகம் டிவியை நிறுத்தினாள்.

"அந்த டிரே வெச்சிருக்கிறவ பேரு என்ன பூவு?"

பூவம்மாள் விரலைப் பிசைந்தாள்.

"ராஜேஸ்வரி அவளை 'ஏய், இங்க வா'ன்னு கூப்பிட்டா. வந்தா, காப்பியை வெச்சா, போனா. சரசுவைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசலை. மழையும் இல்ல. ஜன்னல்ல வெயில் அடிக்குது."

"மீனு கழுவணும்க்கா," என்று பூவம்மாள் எழுந்துபோய்விட்டாள். கழுவ ஒரு மீன்கூட அன்றைக்கு மிச்சமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீன்காரிக்கு லீவு எடுக்க முடியாத நாள். பூவம்மாள் வாசலில் கூடையை இறக்கி, நல்ல சங்கரா இரண்டை எடுத்துத் தனியே வைத்தாள். அக்தர் பேகம் பாத்திரத்தோடு வந்தாள். பாத்திரத்தை நீட்டவில்லை. பக்கத்தில் வைத்தாள், குனிந்தாள், கட்டைவிரலால் ஒரு மீனின் செவுளைத் தூக்கினாள். பிறகு அடுத்ததையும் தூக்கினாள்.

"சிவப்பாத்தான் இருக்கு," என்றாள்.

பூவம்மாள் எடை போட்டாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு ஏரி முனைக்குப் போய்ப் பலகையைப் போட்டாள். "வஞ்சரம், சங்கரா, நெத்திலி" என்று கூவினாள். குரலில் உப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

பதினோரு மணி இருக்கும். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே, ஏரி முனை வரைக்கும் தனியாக நடந்து வந்திருக்கிற, முகம் சிவந்த அக்தர் பேகம்.

"ரெண்டு தெரு தள்ளியே உன் குரல் கேட்டுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்," என்றாள். "சரசுக்கு என்ன ஆச்சு?"

பூவம்மாளின் கையிலிருந்த கத்தி நின்றது. "அக்கா, நான் வந்து..."

"அது அப்புறம். முதல்ல இதைச் சொல்லு. மழையில ஆட்டோ நின்னுபோச்சு. உள்ள ஒரு பிள்ளைத்தாச்சி. வெள்ளிக்கிழமையிலேர்ந்து அவ அந்த ரோட்டுலயே இருக்கா. நீ பாட்டுக்கு வராம இருக்க. எனக்குத் தொழுகையில கூட அந்த ஆட்டோதான் கண்ணு முன்னால நிக்குது."

இறால் வாங்க வந்திருந்த ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஆட்டோ?" என்று கேட்டாள்.

"அப்படி யாரும் இல்லக்கா," என்று பூவம்மாள் மெதுவாகச் சொன்னாள். "நானா சொன்னது. ஆறு வருசமா பொய் சொல்லிகினு வந்துட்டேன்."

"தெரியும். சனிக்கிழமையே தெரியும். கோவம் வந்துச்சு. என்னைக் காது கேக்காதவள்னு வெச்சு விளையாடிட்டாளேன்னு வந்துச்சு. அதான் செவுளைத் தூக்கினேன்." அக்தர் பேகம் குடையை மடக்கினாள். "நேத்து தனியா உக்காந்து முழுசாக் கேட்டேன். அரைமணி நேரம் ஒரு மோதிரத்தைத் தேடுறாங்க பூவு. கட்டிலுக்குக் கீழ தேடுறாங்க, மியூசிக் போடுறாங்க, திரும்பக் கட்டிலுக்குக் கீழ தேடுறாங்க. இதையா நாம ஆறு வருஷமா பார்த்தோம்?"

"அத நான் அப்பவே நெனச்சேன்க்கா," என்றாள் பூவம்மாள்.

"ஷார்ஜாலேர்ந்து முதாசிர் நேத்து போன் பண்ணான். வாராவாரம் அவனுக்குக் கிளியம்மா கதை சொல்லுவேன்ல. கிளியம்மா பொண்ணுக்குக் குழந்தை பொறந்துடுச்சாம்மான்னு கேக்கிறான். ரூம்ல இருக்கிற பசங்கல்லாம் கேக்கச் சொன்னாங்களாம். பெத்த பிள்ளைகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"எந்தச் சேனல்லக்கா இது?" என்று இறால் வாங்க வந்த பெண் கேட்டாள்.

"எந்தச் சேனல்லயும் இல்ல," என்றாள் அக்தர் பேகம். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. கையோடு கொண்டுவந்திருந்த பாத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தாள். குனியவில்லை, பார்க்கவில்லை. பலகைக்கு மேலே நீட்டினாள். "அரைக் கிலோ போடு. எது நல்லா இருக்கோ அது."

பூவம்மாள் முக்கால் கிலோவைப் போட்டாள்.

"பொறந்துச்சா இல்லையா?"

"மூணு மணிக்கு வந்து சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

"மூணு மணின்னா மூணு மணிதான்க்கா," என்றாள் பூவம்மாள். பழைய உப்பு குரலுக்குத் திரும்பியிருந்தது. அடுத்த "வஞ்சரம்" இரண்டு தெரு தாண்டிப் போனது.

மூன்று மணிக்கு அவள் போனபோது வீட்டில் சில மாற்றங்கள் ஆகியிருந்தன. நிகத் டிவியைச் சரிசெய்திருந்தாள். இப்போது பெட்டியின் வழியாக அக்தர் பேகத்துக்கு ஒரு பங்கும், ஸ்பீக்கரில் மற்றவர்களுக்கு ஒரு பங்கும் வந்தது. ஸ்பீக்கர் பதினான்கில் இருந்தது. இரண்டு நாளாக இரவுச் செய்தியைக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள், நடுவில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவும் முடிகிறது. ஜாய்சன் சார் மாடியிலிருந்து ஒரு தட்டு கேக் கொடுத்து அனுப்பியிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாராம்.

ஆனால் 'மேகலை இல்லம்' தொடங்கியதும் அக்தர் பேகம் ரிமோட்டை எடுத்து டிவியின் வாயை அடைத்தாள். பிறகு செல்போனை மூக்குக்கு நேரே பிடித்து, நிகத் சொல்லிக்கொடுத்தபடி, மெஷினுக்கு டிவி வேண்டாம், அறைச் சத்தம் போதும் என்று விரலால் தள்ளிவிட்டாள்.

"ம். சொல்லு."

பூவம்மாள் மூச்சை இழுத்தாள். "சதுப்பு ரோட்டாண்ட ஆட்டோ நின்னுபூச்சா—"

அக்தர் பேகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "கத்தாதேடி. இப்பத்தான் கேக்குதே."

"கத்தாம எப்டிக்கா சொல்றது?"

"எல்லாரும் பேசுற மாதிரி."

பூவம்மாளுக்கு அது எப்படி என்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. கடைசியாக அப்படிப் பேசியது பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது. மெல்ல ஆரம்பித்தாள். மழை எப்படிப் பெய்தது, சதுப்பில் நாரைகள் எப்படி இறக்கையை ஒடுக்கி நின்றன, ஆட்டோக்காரன் தன் சட்டையைக் கழற்றி எப்படித் திரை கட்டினான் என்று சொன்னாள். சத்தமாகச் சொன்ன காலத்தில் நாரைகளுக்கு இடமிருந்ததில்லை. நாரையைக் கத்திச் சொல்ல முடியாது.

அக்தர் பேகம் திரையைப் பார்க்கவில்லை. "உன் குரல் இப்படியா பூவு இருக்கும்?" என்றாள்.

"நல்லா இல்லியா?"

"நடுவுல நிறுத்தாதே. குழந்தை?"

"பொண்ணு. ஆட்டோலயே பொறந்துச்சு. அழுத அழுகையில நாரையெல்லாம் பறந்துபூச்சு."

அக்தர் பேகம் நெஞ்சில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான்கு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு அதில் வெளியே போனது.

அப்போதுதான் அது நடந்தது. திரையில் ஏதோ பண்டிகை. எல்லோரும் பட்டுப்புடவையில் நின்றார்கள். கடுகுநிறப் புடவைக்காரி லட்டு அடுக்கிய டிரேயோடு சோபாவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். கேமரா அவள் முகத்துக்கு நெருங்கியது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயைத் திறந்து பேசினாள். ஒரு வாக்கியம் இல்லை, மூன்று நான்கு வாக்கியம் இருக்கும். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

சோபாவில் இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். ரிமோட் நடுவில் கிடந்தது. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பூவம்மாளின் கை அதை நோக்கிப் போனது. அக்தர் பேகம் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து அமுக்கினாள்.

"வேணாம். நீ சொல்லு. என்ன சொல்றா கிளியம்மா?"

பூவம்மாள் திரையை உற்றுப் பார்த்தாள். கடுகுநிறப் புடவைக்காரி ராஜேஸ்வரியின் மூக்குக்கு நேரே டிரேயை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எனுக்குப் பேத்தி பொறந்துகீறா," என்றாள் பூவம்மாள், மெல்லிய குரலில். "மோதிரத்த அப்புறமா தேடிக்கலாம். வாய மூடிகினு ஆளுக்கு ஒரு லட்டு எடுத்துக்கோங்கன்றா."

அக்தர் பேகம் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் சர்க்கரை டப்பா இருந்தது.